பன்னிரண்டு மணி வண்டி

சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த அந்தப் பழைய வீட்டை நினைத்தால் முதலில் தூளிகள்தான் கண்முன் வரும். தாழ்ந்த மூங்கில் உத்தரத்தில் அவை வரிசையாகத் தொங்கும். அரக்குக் கலரில் ஒன்று, கட்டம் போட்டது ஒன்று, சாயம் போய் என்ன நிறம் என்றே சொல்ல முடியாதது ஒன்று. எல்லாம் ஒவ்வொரு தாய் உடுத்திக் கிழித்த புடவை. பிள்ளையை விட்டுப் போகிறவள் தன் பழைய புடவை ஒன்றையும் விட்டுப் போக வேண்டும், அதைத் துவைத்துக் கொண்டுவரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். "கைப்புள்ளைக்குக் கண்ணு அப்புறந்தான், மூக்குதான் மொதல்ல. அம்மா வாசனை அடிச்சாத்தான் தூங்கும்" என்பார் சட்டம் போட்டவர். அவர் என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

யுத்தம் வந்த பிறகு ஆவடி முன்னிருந்த ஆவடியாக இல்லை. பட்டாளத்துக்காகக் கிடங்குகளும் கொட்டகைகளும் கட்டத் தொடங்கினார்கள். செங்கல்லும் காரையும் சுமக்கச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் சித்தாளாக வந்தார்கள். கள்ளிக்குப்பம் பக்கத்திலிருந்துகூட விடியுமுன்னே நடந்து வருவார்கள். முதலில் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தார்கள். ஒருநாள் லாரி பின்னால் நகர்ந்தபோது தவழ்ந்து போன ஒரு குழந்தை மயிரிழையில் தப்பியது. மறுநாளிலிருந்து பிள்ளையோடு வருகிறவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் எங்கள் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்ற ஒருத்தியின் இடுப்பிலிருந்து அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போ, சாயங்காலமா வந்து இட்டுகினு போ" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இதெல்லாம் நான் பிரசவத்துக்காகக் குமணன்சாவடியில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் நடந்தது. ஐந்து மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்து பார்த்தால் வீடு முழுக்கப் பிள்ளைகள். "உன் புள்ளைக்குத் தொணைக்கு ஆள் புடிச்சி வெச்சிகீறேன்" என்று அக்கா சிரித்தார். தாய்மார்கள் சனிக்கிழமைதோறும் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள். அப்படித்தான் அது ஒரு தொழிலாகிவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவள். படிப்பு எனக்குத் தைரியத்தைக் கொடுத்ததோ இல்லையோ, பயப்படுவதற்கு நிறையக் காரணங்களைக் கொடுத்திருந்தது. தண்ணீரில் கிருமி, ஈயில் கிருமி, புகையில் கெடுதல் என்று பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்த வீட்டில் என் கண்ணெதிரே நடந்தது. காளவாயில் நெருப்பு வைத்தால் வெள்ளைப் புகை தாழ்வாரம் வரை வரும். லாரி போகும்போதெல்லாம் கூழ்ச்சட்டியில் புழுதி படியும். என் மகனுக்கு ஏழாம் மாதத்தில் இருமல் பிடித்தது. அவன் இருமினால் அடுத்த தூளியில் இன்னொன்று இருமும். இதைப் பற்றி வாய் திறக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். என் பிள்ளைக்காக ஊரார் பிள்ளைகளை விரட்டப் பார்க்கிறாள் என்று அக்கா நினைத்துவிட்டால்? அந்த வீட்டில் எல்லாம் அவர் கையால் உண்டானது. நான் நேற்று வந்தவள். கடைசியில் அவரே ஒருநாள் மாலை, தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கூழ்ச்சட்டியைக் கழுவி நிமிர்ந்தவர் தன் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் சுண்ணாம்பு என் கையிலயே இவ்ளோ கீதே, அதுங்க நெஞ்சுல எவ்ளோ இருக்கும்? நல்ல தெருவா பாத்துப் போயிடலாம்டி. சித்தாளு புள்ளைன்னா சூளைப் பக்கந்தான் தூங்கணும்னு சட்டமா?"

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு ஓட்டு வீடு காலியாயிற்று. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ஓடிவந்தவர்கள் குடியிருந்த வீடு அது. பயம் தெளிந்து அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பின்னால் கிணறு, நல்ல தண்ணீர். முன்னால் இரண்டு வேப்பமரம். லாரி நுழைய முடியாத தெரு. குடியிருந்தவர்கள் எல்லாம் உத்தியோகஸ்தர்கள். வாடகையும் அதற்குத் தக்கபடி. வீட்டைக் காட்டப் பட்டணத்திலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து, "குடித்தனம் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பெரியவங்க நாலு பேருங்க. என் புள்ளைங்க மூணு பள்ளிக்கூடம் போவுது. மத்தது சின்னதுங்க."

"சின்னது எத்தனை?"

"தொங்கிகினு தூங்கறதையும் சேத்துக்கணுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னதும் மேலே உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, உத்தரம் உறுதியானதுதான், ஆனால் சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் வாடகை கட்டி வருமா, தெருவில் என்ன சொல்வார்கள், மண்ணும் காரையுமாக வரும் பெண்களைப் பார்த்து முகம் சுளித்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "நீ ஒருத்தி பயப்படறதே எங்க எல்லாருக்கும் போதும். நாங்க தனியா வேற பயப்படணுமா?" என்றார் அக்கா.

நாள் பார்த்துக் குடி போனோம். பால் பொங்கியபோது பிள்ளைகள் எல்லாம் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. புது வீட்டின் உத்தரம் மிக உயரம். கயிற்றை இரண்டு மடங்கு நீளம் விட்டுத் தூளி கட்ட வேண்டியிருந்தது. ஆட்டிவிட்டால் கோயில் ஊஞ்சல் மாதிரி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வரும். புகை இல்லை, புழுதி இல்லை. நல்ல தெருவுக்கு வந்திருக்கிறோமே என்ற உற்சாகத்தில் நான் முன்தினமே தூளிப் புடவைகளை எல்லாம் உவர்மண் போட்டு வெளுத்து வைத்திருந்தேன். அக்கா ஒரு புடவையை எடுத்து முகர்ந்து பார்த்து மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வேலைநாள். காலையில் சிரித்து விளையாடிய பிள்ளைகள் உச்சிப்பொழுதுக்கு முன்பே சிணுங்கத் தொடங்கின. அப்புறம் ஒன்று அழ, எல்லாம் அழுதன. கூழ் ஊட்டினால் துப்பின. தூளியில் போட்டால் விறைத்துக்கொண்டன. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினார். புடவையை வெளுத்தது நான்தானே, தாய் வாசனையைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. "அக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துத் தெருப் பக்கம் காதைத் திருப்பியிருந்தார். தொலைவில், காற்றடித்தால் மட்டும் கேட்கும்படியாக, வேலை நடக்கும் இடத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம் வந்தது. பன்னிரண்டு மணி. அக்கா தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

பழைய வீட்டில் அந்தச் சத்தம் காதைப் பிளக்கும். சத்தம் கேட்டதும் பெண்கள் சட்டியைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வருவார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தங்கள் கஞ்சியையும் குடித்துவிட்டு ஓடிப் போவார்கள். தினமும் நடந்ததால் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. கிணறு பார்த்தோம், காற்று பார்த்தோம், உத்தரம் பார்த்தோம். தாய்மார்களின் மார்பிலிருந்து பிள்ளைகளை ஒரு மைல் தூரம் தள்ளிக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. நானும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். என் பிள்ளை எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தான்.

அன்று நாலைந்து பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ரவிக்கையும் முந்தானையும் பாலால் நனைந்திருந்தன. வந்து பிள்ளையை எடுத்து வாயில் வைப்பதற்குள் திரும்பிப் போக வேண்டிய நேரமாகிவிட்டது. தாமதமாகப் போனவர்களை மேஸ்திரி மாலை வரை வெளியே நிற்க வைத்துவிட்டார். அவர்களில் ஒருத்திக்கு அதுதான் தலைப்பிள்ளை. சாயங்காலம் பால் கட்டி மார்பு கல்லாகி, காய்ச்சலோடு வந்தாள். அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "ஏம்மே, வாயில இன்னா வெச்சிகினு இருந்தே? இவ்ளோ தூரம் ஆவும்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார்.

"நீங்க நம்ம புள்ளைங்களுக்கோசரம் நல்ல ஊடு பாத்துகினு போறீங்க. நாங்க எப்படிக்கா குறுக்கே பேசறது?" என்றாள் அவள்.

அந்த வாரம் முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. சிலர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். சிலர் பிள்ளையைப் பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் விட்டுப் பார்த்தார்கள். நாங்கள் மாட்டுப் பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டிப் பார்த்தோம். நெஞ்சுக் குழந்தைகள் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் அந்த வாடகையை எங்களால் கொடுக்க முடியாது. மறுபடியும் காளவாய்ப் பக்கம்தான். என் மகனின் இருமல் அப்போதுதான் நின்றிருந்தது. "பேசாமல் பழைய வீட்டுக்கே போய்விடலாமா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, கேட்டது சரியா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் காலையில் அக்கா பதில் சொன்னார். எனக்கு அல்ல, வண்டிக்காரப் பாய்க்கு.

பாய் பூந்தமல்லிக்காரர். தினமும் விடியற்காலையில் ஒற்றை மாட்டு வண்டியில் கத்திரிக்காயும் கீரையும் ஏற்றிக்கொண்டு வந்து பட்டாளத்துச் சமையற்கட்டில் இறக்கிவிட்டு, வெயில் தாழும் வரை எங்கள் தெரு முனை வேப்பமர நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்திருப்பார். அக்கா அவரை எழுப்பினார்.

"பாய், மத்தியானத்துல உன் வண்டி சும்மாதானே கீது?"

"மாடு சும்மா கீது, நான் சும்மா கீறேன், வண்டியும் சும்மாதான் கீது. இன்னா ஏத்தணும்?"

"புள்ளைங்கள."

பாய் எழுந்து உட்கார்ந்தார். "இன்னா தங்கச்சி, கத்திரிக்கா ஏத்தற வண்டி இது. கத்திரிக்கா கத்தாது."

"உன் மாடு இன்னா, சத்தம் கேட்டா மயக்கம் போட்டுருமா?"

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு ஊட்ல ஆறு கீது, அதுங்க சத்தத்துக்குப் பயந்துதான் இங்க வந்து படுக்கறேன்" என்றார் பாய். சொல்லிக்கொண்டே மாட்டைப் பூட்டினார்.

வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய் விரித்து, மீதியிருந்த பிள்ளைகளை ஏற்றினோம். எட்டுப் பத்து மாதக் குழந்தைகளை நடுவில் விட்டு, சுற்றிலும் சாக்கைச் சுருட்டி அணை கட்டினோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஏறிக்கொண்டோம். என் மகனையும் வீட்டில் தனியே விட முடியாததால் அதில் போட்டேன். வண்டி கிளம்பியது. குமாஸ்தாவின் மனைவியான நான் பட்டப்பகலில் காய்கறி வண்டியில், இடுப்பில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக, அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலையும் கடந்து போனேன். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்தால் யாராவது சொல்வார்களே என்ற நினைவில் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டு, "இன்னா, கண்ணாலப் பொண்ணா நீ?" என்றார். பாய் முன்னால் உட்கார்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் முந்தானை நழுவியதைக் கவனிக்கவில்லை.

வேலை நடந்த இடத்தின் வாசலில் ஒரு சிப்பாய் நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. வண்டியைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தான். அக்கா உள்ளே போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. எதிரில் இருந்த புங்கமரத்தின் அடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்னும் மணி அடிக்கவில்லை. வழியெல்லாம் ஆட்டத்தில் மயங்கிக் கிடந்த பிள்ளைகள் வண்டி நின்றதும் கண் விழித்தன. பசி நேரம். ஒன்று தொடங்கியது. மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. அப்படியொரு கூக்குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சமாதானப்படுத்த ஒரு குழந்தையைத் தூக்கப் போனேன். "உடு, கத்தட்டும்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே காரைச் சட்டிகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே சாரத்தின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகை போய்ச் சேர்ந்ததும் நடுவில் ஒருத்தி சட்டியை வாங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பிறகு யாருக்கும் சட்டி வரவில்லை. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் கையில் சட்டிகள் தேங்கின. மேலே சுவர் கட்டும் கொல்லத்துக்காரர் கரண்டியோடு காத்திருந்து எட்டிப் பார்த்தார். ஒரு தாயின் காதில் விழுந்தது மொத்த வேலையையும் நிறுத்திவிட்டது. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க வண்டிய நிறுத்தினே?"

"யாரையும் கேக்கலீங்க. நான் உள்ள வரலியே. ரோட்டு மேலதானே நிக்கிறேன்."

"இது பட்டாளத்து எடம். சத்தத்த நிறுத்தச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க அண்ணாத்தே. நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க."

சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். மேஸ்திரி வண்டியைப் பார்த்தார், நின்றுபோன வரிசையைப் பார்த்தார். அக்கா அப்போதுதான் குரலைத் தணித்து, கெஞ்சாமலும் சண்டை பிடிக்காமலும் பேசினார். இவ்வளவு தூரம் ஓடி வந்து ஓடிப் போனால் அந்தப் பெண்கள் சாயங்காலம் எப்படிச் சட்டி தூக்குவார்கள், மணி அடித்ததும் இந்த மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டு அடுத்த மணிக்கு உள்ளே இருப்பார்கள், ஒருத்தி தாமதமானாலும் மறுநாள் வண்டி வராது, தன்னைக் கேட்கலாம் என்றார். மேஸ்திரி திரும்பி நடந்து போய்த் தண்டவாளத் துண்டைத் தட்டச் சொன்னார். அன்று பன்னிரண்டு மணி கொஞ்சம் சீக்கிரமாகவே அடித்தது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. கட்டட வேலை குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. அக்காவின் கணவருக்கு ரயில்வே பட்டறையில் மாற்றல் ஆகி அவர்கள் அரக்கோணத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அங்கேயும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. இங்கே வீடு என் பொறுப்பில் இருக்கிறது. வராமல் நின்ற பிள்ளைகள் வண்டி ஓடத் தொடங்கிய மாதமே திரும்பி வந்தன. ஐயப்பன்தாங்கல் பக்கத்திலிருந்து வரும் பெண்கள்கூட இப்போது இங்கேதான் பிள்ளையை விடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மாள் வண்டி போகிற சத்தத்தை வைத்துத்தான் உலையில் அரிசி போடுகிறாராம். என்றைக்காவது பாய்க்கு உடம்பு சரியில்லை என்றால், "இன்னிக்கு மணி என்ன ஆச்சுன்னே தெரியலையே" என்று வாசலில் வந்து நிற்கிறார். நானும் இன்னமும் பயப்படுகிறவள்தான். மழை வந்தால், மாடு நொண்டினால், ஒரு குழந்தை கொஞ்சம் சூடாக இருந்தால், இந்தத் தொழிலை நான் ஏன் எடுத்தேன் என்று தோன்றும். அக்கா இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் சிரித்திருப்பார். அது எனக்கு வராது. ஆனால் வண்டி ஒருநாளும் தவறியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

வண்டி போன அந்த முதல் நாளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மணி அடித்ததும் பெண்கள் ஓடி வந்தார்கள். கையைக் கழுவக்கூட நேரம் இல்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடியில் தரையில் உட்கார்ந்தார்கள். வண்டியிலிருந்த அழுகை ஒவ்வொன்றாகக் குறைந்தது. காய்ச்சலில் கிடந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த அந்தத் தலைப்பிள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பிள்ளையும் விட்டுப்போகவில்லையே என்று நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒரு அழுகை மட்டும் நிற்கவில்லை. யாருடைய தாய் இன்னும் வரவில்லை என்று வாசல் பக்கம் பார்த்தேன்.

"இன்னாடி தேடறே? உம்புள்ளதான் கத்துது" என்றார் அக்கா.

நடுரோட்டில், சிப்பாய்க்கும் மேஸ்திரிக்கும் எதிரே, எப்படி என்று ஒரு கணம் தயங்கினேன். வண்டிக்குப் பின்னால் மறைவு இருக்கிறதா என்று பார்த்தேன். அவனோ என் கையில் வந்ததும் முகத்தை முட்டித் தேட ஆரம்பித்துவிட்டான். மரத்தடியில் இருந்த தலைப்பிள்ளைக்காரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். நான் போய் மண்ணில் உட்கார்ந்தேன். அவள் தன் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டே, காரை படிந்த முந்தானையின் நுனியை இன்னொரு கையால் விரித்து, ரோட்டுப் பக்கம் எனக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் இப்போது வைக்கோல் மட்டும்தான் இருந்தது.